தாராவியிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கு: கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை

வருஷா வருஷம் மே மாதம் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து பத்துப் பதினைந்து வாலிபப் பிள்ளைகள் ஊழியப் பயணம் என்று எங்கள் மும்பைத் தாராவிக்கு வருவார்கள். பத்து நாள் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்துவார்கள், வீடு வீடாகப் போய் ஜெபிப்பார்கள், பாட்டும் கைவேலையும் சொல்லிக்கொடுப்பார்கள். பதினோராம் நாள் ரயிலேறுவார்கள். வருவதற்கு அவர்கள் ஊரில் மூன்று மாதம் ஆயத்தக் கூட்டம் நடக்கிறது. கிளம்புவதைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யாரும் பேசுவதில்லை. நான் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு கல்லியில் (சந்தில்) மாவரைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். பதினான்கு வருஷமாக இந்தப் பிள்ளைகளை வரவேற்றதும் வழியனுப்பியதும் நான்தான். அடுத்த மே மாதம் வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியேறினால் எனக்கு வேலை பாதி குறையும்.

கிளம்புகிற தேதியை வந்த அன்றைக்கே எங்கள் கல்லிப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. இப்போது ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது). மே மாத டிக்கெட் என்றால் திறந்த அன்று காலையிலேயே உட்கார்ந்து எடுத்திருப்பீர்கள். உங்களுக்கு இரண்டு மாதமாகத் தெரிந்த சங்கதி, எங்கள் பிள்ளைகளுக்குப் பத்தாம் நாள் சாயங்காலம்தான் தெரிகிறது. நான் இப்போதெல்லாம் முதல் நாளே ஒரு சார்ட் பேப்பரில் பதினொரு கட்டம் போட்டு ஒட்டிவிடுகிறேன். தினம் ஒரு பிள்ளை வந்து ஒரு கட்டத்துக்குக் கலர் அடிக்கும். பதினோராவது கட்டத்தில் ரயில் படம். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுகிறார்கள்.

இது ஏன் என்று கேட்டால், மே மாதத்துத் தாராவியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கையில் காசிருக்கிற தமிழ் வீடெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது டிக்கெட் எடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள், அப்பாவுக்கு லீவு கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள். கூட விளையாடினதுகள் ஒவ்வொன்றாகப் பெட்டி தூக்கிக்கொண்டு போவதை ஏப்ரல் கடைசியிலிருந்து வாசலில் நின்று பார்த்தவர்கள். எல்லாரும் ஊருக்குப் போகிற மாதத்தில் ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் நீங்கள் மட்டும்தான். அதனால்தான் மூன்றாம் நாளே உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

சரி, இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 'போயிட்டு வர்றேன்.'

நம் ஊரில் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் பாட்டிமார் வாயைப் பொத்துவார்கள். எங்கே போனாலும், திரும்பி வருகிற எண்ணமே இல்லாவிட்டாலும், 'போயிட்டு வர்றேன்'தான். பெரியவர்களுக்கு அது ஒரு மரியாதை என்று தெரியும். இங்கே பிறந்து, இந்தியில் கனவு கண்டு, வீட்டில் மட்டும் தமிழ் பேசுகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. 'வர்றேன்' என்றால் வருவாய் என்றுதான் அதற்கு அர்த்தம். 'அக்கா, ஃபிர் (மறுபடி) எப்போ வருவீங்க?' என்று கேட்கும். அந்த இடத்தில்தான் நீங்கள் வழுக்கி விழுகிறீர்கள்.

ஒரு வருஷம் வந்த குழுவில் ஒரு பெண், நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கல்லியில் ஒரு சிறுமி அவளோடே திரிந்தது. கடைசி நாள் அந்தப் பெண், கைவேலைக்குக் கொண்டுவந்த ரோஸ் ரிப்பனில் சிறுமியின் தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு, முழங்காலுக்கு ஒரு முடிச்சு போட்டு அளவெடுத்தாள். 'அடுத்த வருஷம் வரும்போது உனக்குப் பட்டுப்பாவாடை தைத்துக் கொண்டுவருவேன்' என்றாள். ரிப்பனைத் தன் பையில் வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. பெட்டி கட்டுகிற அவசரத்தில் இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். சிறுமி அதை எடுத்துத் தன் கம்பாஸ் பாக்ஸில் வைத்துக்கொண்டது.

அடுத்த மே வேறு குழு வந்தது. அந்தப் பெண்ணுக்கு அதற்குள் கல்யாணம் ஆகி, நம்பரும் மாறிவிட்டது. இரண்டாம் நாள் சிறுமி என் கடைக்கு வந்து ரிப்பனை நீட்டியது. 'அக்கா, என் அளவு மாறிடுச்சு. அவங்ககிட்ட சொல்லணும்.' நானே தைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், அந்த அக்கா வரட்டும் என்றது. மாவு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆகவே பெரியவர்களிடம் தாராளமாக 'போயிட்டு வர்றோம் சித்தி' என்று சொல்லுங்கள். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். 'நாளைக்கு இந்நேரம் அக்கா ரயில்ல இருப்பேன். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு எங்க வீட்டுல இருப்பேன். அப்புறம் எனக்குக் காலேஜ் திறந்துரும். திரும்ப வருவேனான்னு எனக்குத் தெரியாது. ஆனா நீ பாடின பாட்டு எனக்கு ஞாபகம் இருக்கும்.' இவ்வளவு போதும். அழுவார்கள், அழட்டும். அன்றைக்கு அழுதுவிட்டு மறுநாள் விளையாடப் போய்விடுவார்கள். ஏமாந்த பிள்ளைதான் ரிப்பனைப் பத்திரப்படுத்தும். அதுவும் தாராவியில் 2024-இல் மறுசீரமைப்புக்குக் கணக்கெடுப்பு ஆரம்பித்தபின், நாங்களே எந்த வருஷம் எந்த இடத்தில் இருப்போம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் வந்தாலும் இந்தக் கல்லி இருக்க வேண்டுமே.

இது என் சொந்த யோசனை இல்லை. அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பவுல் எபேசு சபை மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து, இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறார். எல்லாரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அப்புறம் கப்பல் வரைக்கும் கூடவே போய் அனுப்பி வைக்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் தீரு பட்டணத்தில் பெண்களும் பிள்ளைகளும்கூடப் பட்டணத்துக்கு வெளியே வந்து, கடற்கரையில் முழங்கால்போட்டு ஜெபித்து வழியனுப்புகிறார்கள்.

அதே 20-ஆம் அதிகாரத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. துரோவாவில் மறுநாள் கிளம்பவேண்டிய பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்தான். பவுலாக இருந்ததால் அவனை எழுப்பிவிட்டார். நீங்கள் பிரியாவிடைக் கூட்டத்தை ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். பதினான்கு பேரும் ஆளுக்கொரு சாட்சி சொல்ல வேண்டாம். இரண்டு பேர் பேசினால் போதும், அதில் ஒருவர் முதல்முறை வந்தவராக இருக்கட்டும். 'நாங்கள் உங்களுக்கு இதைச் செய்தோம், அதைச் செய்தோம்' என்ற கணக்கு வேண்டாம், உங்களுக்குச் செய்தவர்களைச் சொல்லுங்கள். பொதுவாக 'சபையாருக்கு நன்றி' என்றால் யாருக்கும் போய்ச் சேராது. எங்கள் பக்கம் விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். உங்கள் பதினான்கு பேர் குளிக்க எதிர்வீட்டுச் சித்தி பத்து நாளும் மூன்றரைக்கு எழுந்து டிரம் நிறைத்தாள். ஒரு குழு மேடையில் சபைப் போதகரான ஐயர், செயலர், பொருளாளர் எல்லாருக்கும் சால்வை போட்டுவிட்டு அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இன்னொன்று, கடைசி ஜெபத்துக்குக் கீபோர்டில் சோக ராகம் வாசித்துப் பிள்ளைகளை வேண்டுமென்றே அழவைக்காதீர்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

பரிசு விஷயத்தில் ஒரே விதிதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி, அல்லது யாருக்கும் இல்லை. செல்லப்பிள்ளைக்கு மட்டும் ரகசியமாக வாட்ச் கொடுத்தால் ரயில் கல்யாண் தாண்டுவதற்குள் கல்லி முழுக்கத் தெரிந்துவிடும். யார் கையிலும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் கஷ்டம் பார்த்தீர்கள் என்றால் எங்கள் சபைப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம். மிஞ்சின பாய், வாளி, கலர் பென்சில் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டுப் போங்கள். வாசலில் வைத்து அள்ளிக்கோ என்று விட்டால், ஒரு வாளிக்காக இரண்டு வீடு தீபாவளி வரைக்கும் முகம் பார்க்காது.

போட்டோ எடுக்கலாம். பிள்ளைகளின் முகத்தை ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். 'தாராவிக் குழந்தைகளுடன்' என்று இரக்கப்படுகிற வாசகம் எழுதாதீர்கள், எங்கள் பிள்ளைகளும் போன் பார்க்கிறார்கள். அதைவிட நல்லது, ஊருக்குப் போய் ஒரு குரூப் போட்டோவைப் பிரிண்ட் போட்டு, வருகிறவர் கையில் பத்துப் பிரதி கொடுத்துவிடுங்கள். உங்கள் சொந்த நம்பரைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், அவர்கள் நம்பரை நீங்களும் வாங்க வேண்டாம். தொடர்பெல்லாம் உங்கள் தலைவர் வழியாகவும் என் வழியாகவும் இருக்கட்டும். பெண்பிள்ளைகள் விஷயத்தில் இதில் சமரசமே கிடையாது.

இங்குள்ள வாலிபர்களோடு விடைபெறுவது வேறு மாதிரி. அவர்கள் உங்கள் வயதுதான், அவர்களோடுதான் உண்மையான சிநேகம் வளர்ந்திருக்கும். கடைசி நாளை அவர்களுக்காக ஒதுக்குங்கள். கூட்டிப்போய் ஒரு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) வாங்கிக்கொடுங்கள், அல்லது அவர்கள் வாங்கிக்கொடுக்க விடுங்கள். விடுவதுதான் முக்கியம். பத்து நாளும் கொடுக்கிற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். போன வருஷம் ஒரு தம்பி தன் தையல் கூலியிலிருந்து குழுவுக்கு மாகிம் அல்வா வாங்கிவந்தான், தட்டை தட்டையாக பேப்பர் வைத்து அடுக்கியிருக்குமே, அது. 'உனக்கெதுக்குப்பா செலவு' என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நீங்கள் கொண்டுவந்த திருநெல்வேலி அல்வாவை நாங்கள் மறுத்தோமா?

ஸ்டேஷனுக்கு எல்லாரும் வரவேண்டாம். மே மாத நெரிசலில் பிளாட்பாரம் டிக்கெட் விற்பதையே நிறுத்திவைக்கும் நாட்கள் உண்டு. அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைக் கேட்டில் நிறுத்திவிட்டால் அது இன்னும் கொடுமை. முழு விடைபெறுதலையும் கல்லி முனையிலேயே முடித்துவிடுங்கள், சாமான் ஏற்ற நான்கு பேர் வந்தால் போதும். உங்கள் ரயில் தென்மும்பையின் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனிலிருந்து என்றால் ஆட்டோவை நம்பாதீர்கள், சயானைத் தாண்டித் தெற்கே ஆட்டோ போகாது. லோக்கல் ரயிலில் சாயங்கால நேரம் பதினான்கு பேர் பெட்டியோடு ஏறுவது நடக்காத காரியம். டெம்போ பேசிக்கொண்டு மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். 2024 ஆகஸ்டில் சயான் மேம்பாலத்தை இடிப்பதற்கு மூடினார்களே, அதற்கடுத்த மே மாதம் ஒரு குழு எங்கள் கண்முன்னே டிராபிக்கில் உட்கார்ந்திருந்தது. கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு, அதே ஆட்களை அரைமணி நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம்.

வண்டி ஏறினதும் உடனே வீடியோ கால் போடாதீர்கள். பிள்ளைகள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கும். கர்ஜத்தில் மலையேறுவதற்கு வண்டிக்குப் பின்னால் கூடுதல் இன்ஜின் மாட்டுவார்கள், அங்கே வடை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒரு வரி அனுப்புங்கள். அதற்குமேல் குகைகளில் சிக்னல் வராது, அதுவும் நல்லதுதான்.

உங்களுக்குள் ஒருவருக்கொருவர் விடைபெறுவதை வண்டியிலேயே செய்துவிடுங்கள். இரண்டு ராத்திரிப் பயணம், நேரம் நிறைய இருக்கிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லாரும் எதிரெதிர் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்து, சண்டை போட்டவர்கள் அதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் ஒரே ஹாலில் பாய்போட்டுப் படுத்தவர்களுக்குள் சண்டை வந்திருக்காது என்று என்னிடம் சொல்லாதீர்கள். கோவில்பட்டி வந்துவிட்டால் அவ்வளவுதான், ஆளுக்கொரு போன், 'அம்மா வந்துட்டேன்' என்று. திருநெல்வேலி ஜங்ஷனில் அப்பாமார் பைக்கோடு நிற்பார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது.

வீடு போய்ச் சேர்ந்த அன்றைக்கு எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். நான் கடையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் போட்டுக் காட்டுவேன். அப்புறம் அந்த டப்பாக்கள். வழியில் சாப்பிட இட்லியும் மிளகாய்ப்பொடியும் புளிச்சோறும் கட்டிக்கொடுத்த எவர்சில்வர் டப்பாக்களின் மூடியில் பெயர் வெட்டியிருக்கும். கழுவிக் காயவைத்து, அடுத்து இந்தப் பக்கம் யார் வருகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். காலி டப்பாவாக அனுப்பாதீர்கள், இரண்டு கருப்பட்டி போட்டு அனுப்பினாலும் போதும். எதிர்வீட்டுச் சித்தியின் தூக்குவாளி ஒன்றும் அடுக்கு டப்பா ஒன்றும் போன மேயில் போனது, இன்னும் வரவில்லை.