ஷாக் குடுக்கற ஆர்ட் முன்னாடி நின்னா பண்ணக்கூடாத தப்புங்க

கேலரில ஏதோ ஒண்ண பார்த்து கோவம் வந்தா வரட்டும், அது தப்பே இல்ல. ஆனா கோவம் வந்த அந்த செகண்டே திரும்பி வந்துடறோம் பாருங்க, அதான் தப்பு.

1997ல லண்டன் ராயல் அகாடமில 'சென்சேஷன்'னு ஒரு கண்காட்சி நடந்துச்சு. அதுல மார்கஸ் ஹார்வியோட 'மைரா'ன்னு ஒரு பெயிண்டிங். 1960கள்ல இங்கிலாந்துல கூட்டாளியோட சேர்ந்து குழந்தைங்கள கொன்னவ மைரா ஹிண்ட்லி, அவளோட போலீஸ் போட்டோவ சுவரளவுக்கு பெருசாக்கி வெச்சது. தூரத்துலேருந்து பார்த்தா பேப்பர்ல வந்த அதே கருப்பு வெள்ளை மூஞ்சி, அதே முறைப்பு. கிட்ட போகப் போக மூஞ்சி கலைஞ்சிடும், கன்னம், நெத்தி, முடி எல்லாமே குட்டிக் குட்டி கை அச்சு, ஒரு குழந்தை கைய அச்செடுத்து அதால ஒத்தி ஒத்தி பண்ணது. இத போன்ல சின்னதா பார்த்துட்டு 'கொலைகாரிய கொண்டாடறாங்க'ன்னு சொல்றது ஈஸி. படத்துல இருக்கறாங்கறதுக்காக அது பாராட்டு ஆகிடாது, அந்தக் கைகள பார்த்தப்புறம் எனக்கு அப்படி சொல்ல வாய் வரல.

அதே சமயம், எதிர்த்தவங்கள 'இவங்களுக்கு ஆர்ட் புரியல'ன்னு தள்ளி விடறதும் பெரிய தப்புங்க. கொலையான ஒரு பையனோட அம்மா அந்தப் படம் வேணாம்னு போராடினாங்க, ஜெயில்லேருந்து ஹிண்ட்லியே படத்த எடுத்துடுங்கன்னு லெட்டர் போட்டா. அந்த அம்மாவுக்கு நாம என்ன புரிய வைக்கப் போறோம்? படம் நல்ல படம், அவங்க வலியும் நிஜம், ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டுதான் பாக்கணும். முதல் நாளே மைய ஊத்தினாங்க, முட்டை அடிச்சாங்க. சுத்தம் பண்ணி திரும்ப மாட்டறப்போ முன்னாடி தடுப்பு வந்துடுச்சு. கோவத்த கையால காட்டினா நஷ்டம் அடுத்து பாக்க வர்றவங்களுக்குத்தான்.

அடுத்த தப்பு, எதால பண்ணதுன்னு மட்டும் கேட்டுட்டு முடிவு பண்றது. அதே கண்காட்சி 1999ல நியூயார்க் புரூக்ளின் மியூசியத்துக்கு போச்சு, கண்காட்சி திறக்கறதுக்கு முன்னாடியே மேயர் ஜூலியானி மியூசியத்தோட பணத்த நிறுத்திடுவேன்னு மிரட்டினார், கோர்ட்டுல மியூசியம்தான் ஜெயிச்சுது. மேயரோட கோவத்துக்கு காரணம் கிறிஸ் ஒஃபிலியோட மாதா படம். யானை சாணிய மாதா மேல எறிஞ்ச மாதிரி பேச்சு பரவிச்சு. நிஜத்துல காய்ஞ்ச சாணி உருண்டை ஒண்ணு மார்புல, இன்னும் ரெண்டு கீழ, படம் சுவத்துல தொங்காம அந்த ரெண்டு மேலதான் நிக்குது. சுத்தி பறக்கற குட்டி உருவங்க ஆபாச பத்திரிகைலேருந்து வெட்டினது, அதையும் சொல்லணும், மறைச்சா நியாயம் இல்ல. ஒஃபிலி கத்தோலிக்கரா வளர்ந்தவர். இதெல்லாம் தெரிஞ்சும் ஒருத்தருக்கு மனசு புண்பட்டா அது அவர் உரிமை.

லேபிள் படிக்காம போறது இன்னொண்ணு. ஃபெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ் 1991ல மூலைல மிட்டாய் குவிச்சு வெச்சார், 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ, எய்ட்ஸ்ல இறந்து போன அவரோட காதலர் ராஸ் பேர்ல. வர்றவங்க ஒண்ணு எடுத்துக்கலாம், எடுக்க எடுக்க குவியல் கரையும். தெரியாதவங்க குப்பைன்னு தாண்டிப் போயிடுவாங்க. தொடலாமா எடுக்கலாமான்னு டவுட் வந்தா அங்க நிக்கற கார்டுகிட்ட கேட்டுடுங்க.