சிவப்பு வட்டத்துக்கு வெளியே: கொன்டாக்ட் ஷீட் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிலிம் காலத்துப் படப்பிடிப்பாளர் ஒருவர் எப்படி வேலை செய்தார் என்று அறிய, அவருடைய நேர்காணலை விட அவருடைய கொன்டாக்ட் ஷீட்டைத் தேடுவது நல்லது. நேர்காணலில் மனிதர் தன்னைக் கொஞ்சம் அலங்கரித்துக்கொள்வார். ஷீட்டில் அதற்கு வழியில்லை. 35 மில்லிமீற்றர் ரோலைக் கழுவி, ஆறு ஆறு பிரேமாக நறுக்கி, 8×10 அங்குலத் தாளின் மேல் அடுக்கி, கண்ணாடியால் அழுத்தி ஒரே ஒரு தடவை வெளிச்சம் காட்டினால் 36 பிரேமும் நெகட்டிவ் இருக்கிற அளவிலேயே, எடுத்த வரிசையிலேயே தாளில் விழும். நல்லது, கெட்டது, கை ஆடியது, கண் மூடியது எல்லாம் அதில் இருக்கும். பிறகு அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்து, பிடித்த பிரேமைச் சுற்றிச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுவார்.

புகழ்பெற்ற படங்களின் ஷீட்கள் இப்போது இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. இலங்கை மலையகத்தில் ஃபிலிம் கமராவை மறுபடி கையில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். மூடிப்போன ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகளை மீட்கப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஷீட்டைப் பார்க்கும்போது சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

வட்டம் போட்டதை மட்டும் பார்ப்பது

கண் நேரே சிவப்புக்குத்தான் போகும். ஆனால் வட்டத்துக்குள் இருப்பதை ஏற்கெனவே சுவரிலோ புத்தகத்திலோ பார்த்தாயிற்று. படிக்க வேண்டியவை அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஐந்தாறு பிரேம்கள். ஆள் எங்கே நின்றார், எப்போது கிட்டப் போனார், எப்போது குந்தினார், எப்போது சலித்துப்போய் வேறு பக்கம் திரும்பினார் என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

ரொபர்ட் ஃப்ராங்க் 1955இல் நியூ ஓர்லியன்ஸில் எடுத்த டிராம் வண்டிப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். முன் ஜன்னல்களில் வெள்ளையர், பின் ஜன்னல்களில் கறுப்பினத்தவர். இவ்வளவு கச்சிதமான படத்துக்காக மனிதர் தெருவோரம் மணிக்கணக்காகக் காத்திருந்திருப்பார் என்றுதான் தோன்றும். ஷீட் வேறு கதை சொல்கிறது. அவர் தெருவில் போன ஓர் ஊர்வலத்தை எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பினார். டிராம் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு பிரேம்.

இதைத் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தோடு வைத்துப் பாருங்கள். ரயில் வரும் நேரத்தில் அங்கே கமரா இல்லாத கை இல்லை. அந்த ரோல்களைக் கழுவினால் ஷீட் இப்படித்தான் இருக்கும்: வெறும் பாலம், வெறும் பாலம், தூரத்தில் எஞ்சின், நடுவில் ரயில், ரயிலின் வால், மறுபடி வெறும் பாலம். எல்லாம் ஒரே மண்மேட்டிலிருந்து. ரயிலுக்கு முதுகு காட்டி, அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற காட்சியை எடுத்தவர் அபூர்வம். தேயிலை மலையிலும் இதே கதைதான். ரோட்டோரம் வானை நிறுத்தி, சூம் லென்ஸால் இழுத்து எடுத்தவரின் ஷீட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாப் பிரேமிலும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இருப்பார்கள். நிரைக்குள் இறங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்வரை காத்திருக்கவில்லை என்பதை அந்தத் தாள் போட்டுக்கொடுத்துவிடும். தனிப் படமாகப் பார்த்தால் இது தெரியாது. அழகான படமாகக்கூட இருக்கும்.

லொத்தர்க் கணக்கு

அந்த டிராம் படம் கிடைத்த அமெரிக்கப் பயணங்களில் ஃப்ராங்க் 767 ரோல் எடுத்தார். 27,000க்கும் மேற்பட்ட பிரேம்கள். கடைசியில் ‘தி அமெரிக்கன்ஸ்’ என்ற அவருடைய புத்தகத்துக்குப் போனவை 83 படங்கள். இந்த எண்களைக் கேட்டவுடன் சிலர் வகுத்துப் பார்த்து, “325 தடவை அமத்தினால் ஒன்று தேறும்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லொத்தர் டிக்கட் வாங்குகிற மாதிரி. கையில் இருக்கிற போனும் அதற்குத் துணை; விரலை எடுக்காமல் பிடித்தால் பத்து இருபது படம் கொட்டும்.

ஷீட்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒட்டாது. ஃப்ராங்க் ஒரே காட்சியை 325 தடவை எடுக்கவில்லை. டிராமுக்கு ஒன்று, இன்னொன்றுக்கு இரண்டு மூன்று, பிறகு அடுத்த தெரு. பிரேம்கள் பெருகியது நடையால். ஒரே இடத்தில் நின்று பொத்தானை அமத்துகிறவரின் ஷீட்டிலும் 36 பிரேம்தான் இருக்கும். ஆனால் அதில் முடிவு எடுத்த தருணம் ஒன்றே ஒன்று, வந்து நின்ற தருணம். பிரேமை எண்ணாதீர்கள். நின்ற இடங்களை எண்ணுங்கள்.

வட்டம் பொய், மிச்சம் உண்மை என்று தீர்ப்புச் சொல்வது

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது இதுதான். ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

டயான் ஆர்பஸ் 1962இல் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு சிறுவனை எடுத்தார். ஒரு கையில் விளையாட்டுக் கைக்குண்டு, மற்றக் கை நகம் போல வளைந்து, முகம் வெறித்து. பார்த்தால் வயிற்றைப் பிசையும் படம். அதன் கொன்டாக்ட் ஷீட்டில் மற்றப் பிரேம்களில் அதே பையன் சாதாரணமாக நின்று போஸ் கொடுக்கிறான். ஷீட் வெளியே தெரிந்த பிறகு, “பாருங்கள், நல்ல பிள்ளையைப் பைத்தியமாகக் காட்டிவிட்டார்” என்று ஒரு பக்கம் குற்றச்சாட்டு. “அவனுக்குள் இருந்ததை வெளியே எடுத்தார்” என்று மறுபக்கம் பாராட்டு. இரண்டுக்கும் ஷீட்டில் ஆதாரம் இல்லை. அந்த முகமும் அந்தப் பையனுடையதுதான், அந்த நொடியில் நடந்ததுதான். மற்ற முகங்களும் அப்படியே. ஷீட் காட்டுவது ஒன்றை மட்டும்: இத்தனைக்குள் இதை எடுத்துக்கொண்டவர் ஆர்பஸ். பொறுப்பு அவருடையது.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்? லயத்து வாசலில் நிற்கும் பிள்ளையைப் படமெடுக்க வருகிறவரின் ரோலை எண்ணிப் பாருங்கள். முக்கால்வாசிப் பிரேம்களில் பிள்ளை சிரிக்கும், ஓடும், கமராவைத் தொடப் பார்க்கும். ஒன்றில் வெயில் கண்ணில் அடித்து முகம் சுருங்கும். வட்டம் அதன் மேல் விழும். படத்துக்குக் கீழே வறுமை என்று எழுதினால் அறிக்கைக்கு அட்டை தயார். சுற்றுலாக்காரருக்குப் போஸ்டர் செய்கிறவர் அதே ரோலை நேர் எதிராக வாசிப்பார்: கொழுந்துக் கூடையோடு அக்கா சிரித்த ஒரு பிரேம் அவருக்குப் போதும். அதற்கு அடுத்த பிரேமில் அந்த அக்கா காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். அது யாருக்கும் வேண்டாம். மலையகம் படங்களில் இவ்வளவு காலமாக ஒன்றில் அழுதுகொண்டும் இல்லாவிட்டால் சிரித்துக்கொண்டும் மட்டுமே இருப்பதற்குக் காரணம் எடுத்தவர்களின் கண் மட்டும் அல்ல. மற்றதெல்லாம் பெரும்பாலும் எடுக்கப்பட்டிருந்தது, தேர்ந்தெடுக்கப்படவில்லை.

எனவே ஒரு ஷீட்டை வைத்து ஆளை எடை போடாதீர்கள். ஒரே ஆளுடைய பல ஷீட்களை வரிசையாக வைத்து, வட்டங்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சுருங்கிய முகத்தின் மேலேயே விழுந்தால் அது தோட்டத்தைப் பற்றிய செய்தி இல்லை, அவருடைய பழக்கம். உங்கள் ஷீட்களையும் இப்படி வைத்துப் பார்க்கலாம், கசக்கும்.

அன்றைக்கே தேர்ந்து முடிப்பது, அங்கேயே அழிப்பது

1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அல்பேர்ட்டோ கோர்டா சே குவேராவை இரண்டே பிரேம் எடுத்தார், ஒன்று கிடையாக, ஒன்று நெடுக்காக. கிடைப் படத்தில் ஒரு பக்கம் இன்னொருவரின் முகம், மறுபக்கம் பனையோலை. பத்திரிகை அதைப் போடவில்லை. கோர்டா அந்த இரண்டு பக்கங்களையும் வெட்டிவிட்டுச் சேயை மட்டும் அச்சடித்துத் தன் ஸ்டூடியோவில் வைத்திருந்தார். பிற்பாடு உலகம் முழுக்கச் சட்டைகளிலும் சுவர்களிலும் ஏறியது அந்தப் படம்தான். முதல் நாள் போட்ட வட்டத்தை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அமெரிக்கத் தெருப் படப்பிடிப்பாளர் கரி வினோகிராண்ட் ரோலைக் கழுவுவதையே வேண்டுமென்று தள்ளிப்போடுவார். எடுத்த நேரத்துச் சந்தோசம் ஆறிய பிறகு படத்தைப் படமாகப் பார்க்கலாம் என்பது அவர் நியாயம். அதை அவர் எல்லை மீறிக் கொண்டுபோனார் என்பது வேறு விடயம். 1984இல் இறந்தபோது கழுவாத ரோல்களே ஏறத்தாழ 2,500 இருந்தன. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் கமராவின் பின்திரையைப் பார்த்துப் பார்த்து ஹட்டன் பஸ் வருவதற்குள் பாதியை அழித்துவிடுகிற பழக்கத்தை விட வேண்டும். டிஜிட்டலில் கோப்பு எண்கள் 412க்குப் பிறகு 419 என்று தாவினால் அந்த இடைவெளியில் நீங்கள் எப்படி நகர்ந்தீர்கள் என்பது போய்விட்டது. லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருளில் கட்டம் கட்டமாகப் பார்ப்பதும் கொன்டாக்ட் ஷீட்தான், இடையில் எதையும் பிடுங்காதிருந்தால்.

வெளிச்சத்தைத் திருத்திவிட்டுப் பார்ப்பது

இது நுட்பச் செய்தி, ஆனால் நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கம் படமெடுக்கிறவர்களுக்கு அவசியம். ஷீட்டில் 36 பிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம்தான் கொடுக்கப்படுகிறது. அதனால் எந்தப் பிரேமுக்குக் கமராவில் வெளிச்சம் குறைந்தது, எதற்குக் கூடியது என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரியும். பனிமூட்டம் வெள்ளை, கமராவின் ஒளிமானி அதை நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நெகட்டிவ் மெலிந்துபோகும், ஷீட்டில் அந்தப் பிரேம்கள் இருண்டு கிடக்கும். பனி இறங்கிய நேரத்துப் பிரேம்கள் மட்டும் வரிசையாகக் கறுத்திருந்தால், அடுத்த முறை ஒளிமானி சொல்வதை விட ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். வெள்ளை வானத்துக்கு எதிரே நிற்கும் கறுத்த முகங்களுக்கும் இதே பாடம்தான்.

ஸ்கேனர் இதைக் கெடுக்கிறது. ஒவ்வொரு பிரேமையும் தானாகவே சரிசெய்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி அழகாக்கித் தருகிறது. ஷீட்டுக்காக ஸ்கேன் செய்யும்போது தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள்.

ஓரத்தை வெட்டுவது

பழைய நெகட்டிவ்களைப் பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்து, ஓரத்தைக் கத்தரித்துப் போடுகிறவர்கள் வரிசையையும் சேர்த்து எறிகிறார்கள். ஃபிலிமின் ஓரத்தில் எண்ணும், பெரும்பாலும் ஃபிலிமின் பெயரும் உண்டு. துண்டுகள் மாறி அடுக்கப்பட்டிருந்தால் எண்ணைப் பார்த்துத்தான் திருத்த முடியும். எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருந்தால் நெகட்டிவைப் புரட்டி வைத்திருக்கிறீர்கள். மொத்தச் சுருளிலிருந்து கையால் சுற்றிய ரோலில் எண் 1இல் தொடங்க வேண்டும் என்றில்லை, 17இலும் தொடங்கலாம். பாதி தொலைந்தது என்று பதற வேண்டாம். இன்னொன்று: இரண்டு கமரா தொங்கவிட்டுத் திரிந்தவரின் ஒரு ஷீட் பாதிக் கதைதான்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் டப்லட்டில் வெள்ளைத் திரையை வைத்து, மேலே சற்று இடைவெளி விட்டுப் பால்நிற அக்ரிலிக் தகடு, அதன் மேல் நெகட்டிவ் உறை, மேலிருந்து போன் கமராவால் ஒரு படம். நிறத்தைத் தலைகீழாக்கினால் ஷீட் தயார்.

ஸ்டூடியோ முகங்களில் சோகம் தேடுவது

1964 ஒக்டோபர் 30இல் ஒப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். மலையக நகரத்து ஸ்டூடியோ நெகட்டிவ்களில் அப்படியான முகங்கள் வந்தால், “பிரிவின் துயரம் கண்ணில் தெரிகிறது” என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். அடையாளப் படத்துக்குச் சிரிக்காமல் நேரே பார் என்றுதான் சொல்வார்கள். கலியாணம் பேசும் படத்திலும் அந்தக் காலத்தில் அதே இறுக்கம்தான். ‘120’ என்கிற அகல ஃபிலிம் ரோல் ஒன்றில் சதுரப் பிரேம் 12தான், ஃபிலிம் காசு. ஷீட்டில் பார்க்க வேண்டியது வேலையின் ஒழுங்கு: ஆளுக்கு ஒரு பிரேமா இரண்டா, ஒரே முக்காலியா, ஒரே சட்டை இரண்டு பேர் மேல் வருகிறதா, ஒரே குடும்பம் அடுத்தடுத்து வருகிறதா. துயரம் இருந்தது, அது வேறு இடங்களில் பதிவாகியிருக்கிறது.

ஷீட் இல்லாத இடத்தில் ஷீட்டைத் தேடுவது

பிரித்தானியப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம். அவர் பயன்படுத்தியது கண்ணாடித் தகடு. மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். அச்சும் தகட்டைத் தாளோடு ஒட்டி வைத்து வெயிலில் எடுத்ததுதான். அதாவது அவருக்குக் கொன்டாக்ட் அச்சே முடிந்த படம். இடையில் தேர்வுத் தாள் என்று ஒன்று கிடையாது. இங்கே எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன. அதில் நிற்கும் உள்ளூர் மக்களில் பெரும்பாலானோரின் பெயர் எழுதப்படவில்லை. கொழும்புப் படப்பிடிப்பாளர் லயனல் வென்ட் 1944இல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்களும் அழிக்கப்பட்டன. இப்படிப்பட்டவர்களின் வேலைமுறையை எஞ்சிய அச்சுகளை வைத்து ஊகிக்கலாம், ஆனால் ஊகம் என்று சொல்லிவிட்டு ஊகிக்க வேண்டும்.

மீதமிருக்கும் நெகட்டிவ்களுக்கு மலையகத்து ஈரம் எமன். பூஞ்சணம் பிடித்ததைத் தண்ணீராலோ துணியாலோ துடைத்தால் படமே துணியோடு வரும். வினாகிரி மணம் அடித்தால் ஃபிலிமே சிதைகிறது. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் படியெடுங்கள். கடைப் பொலித்தீன் உறை வேண்டாம், அமிலமில்லாத காகித உறை போதும், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். ஷீட்டை ஒரு பிரதி அச்சடித்துக்கொண்டு, முகங்களைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிற தோட்டத்துக்கு எடுத்துப் போங்கள். பிரேம் எண், பெயர், எந்தத் தோட்டம், எந்த லயம் என்று அங்கேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.