கொழும்பு பிளட்ஸில் உயிரியல்: குசினியிலிருந்து தொடங்கும் ஒரு செய்முறை

தரம் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், அந்த வகுப்புகளுக்குப் புதிதாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சாதாரண தரம் வரைக்கும் உயிரியல் நமக்குத் தனிப்பாடம் இல்லை, விஞ்ஞானத்துக்குள் ஒரு பங்குதான். உயர்தரத்தில் தனியாக வரும்போது அதை எடுக்கிற பிள்ளைக்கு டொக்டராகும் ஆசை இருக்கலாம், வீட்டாருக்கு நிச்சயம் இருக்கும். ஆனால் ஒரு பூவையோ பூச்சியையோ நின்று பார்க்கிற ஆசை வந்திருக்காது. சனி ஞாயிறு முழுக்க ரியூஷனும் கடந்தகால வினாத்தாளும் என்றால் எப்படி வரும்?

கீழே உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்குதான். முதலில் பொருளைக் கையில் கொடுங்கள். அடுத்தது கேள்வி. பிறகு பிள்ளை தன் ஊகத்தைச் சொல்லட்டும், பிழையாக இருந்தாலும் சொல்லட்டும். புத்தகத்தில் உள்ள கலைச்சொல் கடைசியில் வரட்டும். வகுப்பறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: வரைவிலக்கணம் முதலில், பொருள் வரவே வராது.

படி 1: ஒரு கொப்பி

கோடில்லாத கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று. போனில் படம் எடுப்பதற்கு முன் கையால் வரையவேண்டும் என்பது மட்டும்தான் விதி. வரையும்போதுதான் கால் எத்தனை, நரம்பு எந்தப் பக்கம் என்று கண் தேடும். அழகாக வரைய வராது என்று பிள்ளை சொன்னால், அழகுக்குப் புள்ளி இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: மீன்

கொழும்பில் இதைவிட மலிவான ஆய்வுகூடம் கிடையாது. வெள்ளவத்தைச் சந்தையிலோ வீட்டு வாசலுக்கு வருகிறவரிடமோ பாரை, விளை போன்ற ஒரு மீனை வாங்குங்கள். "அண்ணை, வெட்டவேண்டாம், தலையோட முழுசா தாங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் பேசி முடிப்பதற்குள் செதிலும் பூவும் (மீன் மூச்சுவிடும் உறுப்பு) போய்விடும். எப்படியும் கறிக்கு வாங்குகிற மீன்தானே, மேலதிகச் செலவில்லை. கத்தியும் கத்தரிக்கோலும் பெரியவர் கையில் இருக்கட்டும்.

முதலில் பூமூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக, பக்கத்துக்கு நான்கு வளைவுகளாகப் பூக்கள் இருக்கும். இப்போது கேள்வி: காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம், நீரில் கரைந்திருப்பதோ 1 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியென்றால் கரைக்கு வந்த மீன் ஏன் மூச்சுமுட்டிச் சாகிறது?

விடையை வாயால் சொல்லாதீர்கள். ஒரு பூவை வளைவோடு வெட்டி எடுத்து, கண்ணாடிக் கோப்பையில் உள்ள தண்ணீருக்குள் மெல்ல அசையுங்கள். இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விரியும். வெளியே தூக்குங்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். திரும்பவும் உள்ளே, திரும்பவும் வெளியே. நாலாவது முறையில் பிள்ளை தானாகவே சொல்லிவிடும்: ஒட்டிக்கொண்டால் ஒட்சிசன் போக இடமில்லை. மேற்பரப்புப் பரப்பளவு என்ற சொல்லை அப்போது சொல்லுங்கள். சுவாசப்பையைப் பற்றிப் படிக்கும்போதும், சிறுகுடலைப் பற்றிப் படிக்கும்போதும் அதே சொல் வரும், அப்போது இந்தக் கோப்பை ஞாபகத்துக்கு வரும்.

அடுத்தது கண். மேலுள்ள தோலைக் கத்தரித்து மெல்ல அழுத்தினால் வில்லை வெளியே வரும், சின்னக் கண்ணாடிப் போளை மாதிரி உருண்டையாக, தெளிவாக. கழுவித் துடைத்துப் பத்திரிகை எழுத்தின்மேல் வையுங்கள், எழுத்து பெரிதாகும். நம் கண்ணின் வில்லை இருபக்கமும் குவிந்திருந்தாலும் சற்றுத் தட்டையானது, மீனுடையது ஏன் முழு உருண்டை? நமக்கு ஒளியை அதிகம் வளைப்பது கண்ணின் முன்பக்க விழிவெண்படலம். தண்ணீருக்குள் அது அநேகமாக வளைக்காது, ஆகவே வேலை முழுவதும் வில்லையின் தலையில் விழுகிறது. தூரத்தையும் கிட்டத்தையும் பார்க்க நாம் வில்லையின் வடிவத்தை மாற்றுகிறோம், பாரை போன்ற மீன்கள் வில்லையையே முன்னும் பின்னும் நகர்த்துகின்றன.

மற்றக் கண்ணைத் தலையோடு கறியில் போடுங்கள். சாப்பிடும்போது அதற்குள் கடினமான வெள்ளை உருண்டை ஒன்று அகப்படும். அது அதே வில்லைதான். சூட்டில் புரதம் உருமாறி ஒளி புகாமல் போய்விட்டது. அவித்த முட்டையின் வெள்ளையில் நடப்பதும் இதுவே.

வெள்ளிக்கிழமை விரதமோ, மரக்கறி மட்டும் சமைக்கும் வீடோ என்றால் செவ்வரத்தைப் பூவை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். இதழ் ஐந்து, நுனியில் குறி (மகரந்தம் ஒட்டும் பகுதி) ஐந்து, சூலகத்துக்குள் அறையும் ஐந்து. எங்கும் ஏன் ஐந்து என்ற கேள்வியைப் பிள்ளையே கேட்கும்.

படி 3: திரும்பும் வேர்

பயறை இரவு ஊறவையுங்கள். ஜாம் போத்தலின் உட்பக்கச் சுற்றில் ஈரக் கடதாசியை வைத்து, கண்ணாடிக்கும் கடதாசிக்கும் இடையில் ஏழெட்டுப் பயறைச் செருகுங்கள். வேர் ஓரிரு சென்ரிமீற்றர் வந்ததும் போத்தலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வேர்நுனி இருந்த இடத்தைக் கண்ணாடியில் பேனையால் குறியுங்கள். அடுத்த நாள் வேர் வளைந்து கீழே போயிருக்கும்.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகுதான். இன்னொரு போத்தலில், படுக்கவைப்பதற்கு முன் சில வேர்களின் நுனியில் ஒரு மில்லிமீற்றர் அளவு வெட்டிவிடுங்கள். அவை நீளும், ஆனால் கீழ்நோக்கித் திரும்பாது. வேர்மூடியில் உள்ள கலங்களுக்குள் மாப்பொருள் மணிகள் பாரத்தில் கீழே படிவதால்தான் எது கீழ் என்று வேருக்குத் தெரிகிறது, அந்த மூடியை நாம் வெட்டிவிட்டோம். சில நாட்களில் மூடி திரும்ப வளர்ந்தால் வேரும் திரும்பும். வெட்டாத போத்தல் ஏன் தேவை என்று கேளுங்கள். கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்ற சொல் அப்போது பொருத்தமாக வரும். கொழும்புப் புழுக்கத்தில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், கடதாசி ஈரமாக இருந்தால் போதும், அடியில் தண்ணீர் தேங்கவேண்டாம்.

தேங்கும் தண்ணீர் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வாழ்க்கை வட்டம் காட்டுகிறேன் என்று நுளம்புக் குடம்பிகளைப் போத்தலில் வளர்க்காதீர்கள். டெங்கு உள்ள ஊர் இது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் விஞ்ஞான விளக்கம் எடுபடாது.

படி 4: வெளியே

மிருகக்காட்சிசாலைக்குப் போவதில் தப்பில்லை, ஆனால் தெஹிவளைவரை போய்க் கூட்டுக்குள் இருப்பதைப் பார்ப்பதைவிட, சும்மா திரிவதைப் பார்ப்பதில் கேள்வி அதிகம் பிறக்கும். ஈரநிலங்களுக்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் 2018இல் கொழும்புக்குக் கிடைத்தது. கோட்டேயில் பெத்தகான, தலவத்துகொடையில் தியசரு என்று ஈரநிலப் பூங்காக்கள் உண்டு. மீன்பிடிப் பூனைகூட இந்த நகரத்தின் சதுப்புகளில் வாழ்கிறது. இரவில் திரிவதால் கண்ணில் படும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நேரமில்லாவிட்டால் பேர வாவிக் கரையும் போதும், வெள்ளவத்தை வாய்க்கால் பாலமும் போதும். கபரகொய்யா (நீர் உடும்பு) வெயில் காய்வதைப் பார்க்க ரிக்கெற் தேவையில்லை.

காலை வெயில் ஏறுமுன் போங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே உயிரைக் கால் மணித்தியாலம் பார்க்கவேண்டும். நீர்க்காகம் நல்ல தெரிவு: மூழ்கி மீன் பிடித்தபின் கட்டையில் ஏறிச் சிறகை விரித்து நிற்கும். தண்ணீரில் வாழும் பறவைக்கு ஏன் சிறகு நனைகிறது? இறகு கொஞ்சம் நனைவதால் அதற்குள் தங்கும் காற்று குறையும், மூழ்குவது சுலபமாகும், ஆனால் பிறகு காயவைக்கவேண்டும். பெயர் தெரியாத உயிர் என்றால் சீக் (Seek) என்ற இலவசச் செயலியின் கமராவைக் காட்டலாம். கணக்குத் திறக்கத் தேவையில்லாததால் சின்னப் பிள்ளைகளுக்குப் பொருத்தம். வரைந்து முடித்த பிறகுதான் போன்.

படி 5: நுணுக்குக்காட்டி

இதற்குப் பள்ளி ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் உதவி வேண்டும். இலையின் கீழ்ப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோச் செடி பல வீட்டுச் சாடிகளில் நிற்கிறது. அந்த ஊதாத் தோலை மெல்ல உரித்து ஒரு துளி நீரில் வைத்துப் பார்த்தால் ஊதாக் கலங்களுக்கு நடுவே இலைவாய்கள் தெரியும். நுணுக்குக்காட்டியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையின்மேல் போனை வைத்துப் படம் எடுங்கள். பிறகு ஓரத்தில் கடும் உப்புநீர் ஒரு துளி விடுங்கள். நிமிடங்களில் ஊதா நிறம் கலச்சுவரைவிட்டு விலகிச் சுருங்கும், நல்ல நீரை விட்டால் பல கலங்களில் திரும்ப விரியும். உயர்தரச் செய்முறையில் வருவதும் இதேதான், தரம் 8 பிள்ளை பார்த்தால் குற்றமில்லை. செடியின் சாறு சிலருக்குத் தோலை அரிக்கும், கையைக் கழுவச் சொல்லுங்கள்.

படி 6: பாடப்புத்தகம்

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். கொப்பியில் வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் பொருத்தமான பக்கத்தைப் பிள்ளையே தேடி, பக்க எண்ணைப் படத்தின் ஓரத்தில் எழுதட்டும். மீனின் பூவுக்குச் சுவாசம், வில்லைக்குக் கண், பயறுக்குத் தாவரத் தூண்டற்பேறு என்று போகும். நீர்க்காகத்துக்குப் பக்கம் கிடைக்காமல் போகலாம். அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, திங்கட்கிழமை விஞ்ஞான டீச்சரிடம் கேட்கச் சொல்லுங்கள்.