ராட்டினக்காரர் பிள்ளைகளும் வருகைப் பதிவேடும்: அலுவலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துப் பள்ளி அலுவலகங்களில் இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் வேலைக்குச் சேர்கிறார்கள். ஜிப்ஸி, டிராவலர் என்ற நாடோடிச் சமூகங்கள், ஊர் ஊராக ராட்டினம் நடத்துகிறவர்கள், சர்க்கஸ்காரர்கள், படகிலேயே வாழும் குடும்பங்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு வருகை பதிவது என்று வந்தால், புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். காலையில் போன் போட மறப்பது, பெயரை மாற்றிப் பதிவது போன்றவற்றை யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். சொல்லிக் கொடுக்காதவை மட்டும் இங்கே.

டிராவலர் என்றாலே ‘டி’ போடுவது

‘டி’ (T) என்பது, பெற்றோரின் தொழில் பயணத்தால் பிள்ளை வராத வேளைகளுக்குப் பதிவேட்டில் போடும் குறியீடு. அது சாதிச் சான்றிதழ் அல்ல. தொழிலுக்காக ஊர் ஊராகப் போவதால் நிலையான இருப்பிடம் இல்லாத பெற்றோர் அந்தத் தொழிலுக்காகவே பயணத்தில் இருக்க வேண்டும். பிள்ளையும் கூடப் போயிருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. காய்ச்சலில் படுத்திருந்தால் அது காய்ச்சல்தான், ‘டி’ அல்ல. வீட்டில் நிலையாகக் குடியிருக்கும் டிராவலர் குடும்பத்துக்கு மற்ற எல்லோருக்கும் உள்ள விதிதான்.

ஜூன் மாதம், வட இங்கிலாந்தில் ஜிப்ஸிகளும் டிராவலர்களும் கூடும் ஆப்பிள்பி குதிரைச் சந்தை வரும்போது குழப்பமும் கூடவே வரும். குதிரை வாங்கி விற்றே பிழைக்கும் நாடோடிக் குடும்பத்துக்கு அது வேலை. சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது வேலையில்லை, தலைமை ஆசிரியரிடம் விடுப்புக் கேட்க வேண்டும். எது என்று தெரியவில்லையா, மரியாதையாகக் கேளுங்கள்.

200 அரை நாள் வந்தால் போதும் என்று சொல்வது

1996 கல்விச் சட்டத்தின் 444-வது பிரிவில் உள்ள எண் இது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று வழக்கு வந்தால், பயணத் தொழில் செய்யும் பெற்றோர் சொல்லக்கூடிய எதிர்வாதத்தின் ஒரு பகுதி. பிள்ளைக்கு 6 வயது ஆகியிருந்தால், வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 200 அரை நாள் வந்திருக்க வேண்டும். பள்ளி ஆண்டில் இருப்பதோ 190 நாள், அதாவது 380 அரை நாள்.

1908-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்த 200 உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை அத்தனை முறை வந்தால், கோடையில் விட்டுவிடுவார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது 200-ஓடு, ‘தொழில் அனுமதிக்கும் அளவுக்கு ஒழுங்காக வந்தான்’ என்பதையும் காட்ட வேண்டும். நவம்பரில் ராட்டினத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிப்ரவரியில் கிங்ஸ் லின் ஊரின் ராட்டினச் சந்தை தொடங்கும் வரை ஒரே இடத்தில் இருக்கிற குடும்பம் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால், 200 காப்பாற்றாது.

‘வீட்டுக் கல்வி’ கடிதத்தை நீட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மோதும் கார் ராட்டினம் நடத்தும் ஒரு குடும்பம், ஈஸ்டருக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டுப் போக வந்தது. அலுவலகத்தில் தயாராக ஒரு தாள் இருந்தது. பெயருக்கும் தேதிக்கும் மட்டும் கோடு. மீதி எல்லாம் அச்சடித்தது: ‘என் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க முடிவு செய்திருக்கிறேன்.’ லீவு ஃபார்ம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார் அந்த அம்மா. “நவம்பரில் பார்க்கலாம்” என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்தத் தாள் கையில் கிடைத்ததும் பையன் பெயர் பதிவேட்டிலிருந்து போனது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த இன்னொரு பிள்ளைக்கு அந்த இடம் போனது. அக்டோபரில் ஹல் நகர ராட்டினச் சந்தையும் முடித்துவிட்டு வந்து நின்றால், வகுப்பு நிறைந்திருந்தது. தங்கை உள்ளே, அண்ணன் வெளியே. கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டு, கிறிஸ்துமஸ் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போகும் பள்ளியில் இடம் கிடைத்தது.

ஏன் நீட்டுகிறார்கள்? ‘டி’ அனுமதிக்கப்பட்ட விடுப்புதான். ஆனாலும் வருகைச் சதவீதத்தை இறக்கும். பெயரையே அடித்துவிட்டால் கணக்கு பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக் கல்வி பெற்றோரின் உரிமை, சரி. அப்போது பாடம், புத்தகம், பின்னால் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக் கட்டணம் வரை அவர்கள் தலையில்தான். அந்தப் பேச்சை அவர்கள் எடுக்க வேண்டும், நாம் எடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியது வேறு. தொழிலுக்காகப் பயணம் போனார்கள் என்பதற்காகப் பெயரை அடிக்கக் கூடாது. பயணம் இல்லாதபோது, கடந்த 18 மாதத்தில் பிள்ளை படித்த பள்ளிதான் அவனுக்குத் தாய்ப்பள்ளி. போகிற ஊரில் இன்னொரு பள்ளியிலும் சேர்க்கலாம். இரண்டு பதிவேட்டிலும் பெயர் இருக்கும். அங்கே போக வேண்டிய வேளைகளுக்கு இங்கே ‘டி’க்குப் பதில் இரட்டைப் பதிவுக் குறியீடு (D) போடுவோம். அது சதவீதத்தைத் தொடவே தொடாது! சதவீதத்துக்குப் பயந்து கடிதம் நீட்டுகிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

பயணத்துக்கு ஆதாரம் கேட்டு விரட்டுவது

நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும் ஆதாரம் கேளுங்கள்.

ஸ்காட்லாந்துக்கும் இதுதான் என்று நினைப்பது

இல்லை. அங்கே சட்டமே வேறு.

திரும்பும் தேதியைக் கேட்காமல் அனுப்புவது

தோராயமாகச் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். போகும் ஊர்கள், வேலை செய்யும் ஒரு போன் நம்பர், பாடத்தாள்களை யாரிடம் கொடுத்தனுப்பலாம் என்பது, எல்லாம் கிளம்பும் முன்பே. ராட்டினம் லாரியில் ஏறிய பிறகு போனை எடுக்க அவர்களுக்கு நேரம் இருக்காது.