குவில்ட் துணிகளையும் வெட்டுத் துண்டுகளையும் அடுக்குவது எப்படி?

குவில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை, தைப்பவர் வீட்டில் துணி சேரத்தான் செய்யும். தேடும்போது அது கைக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். என் அலமாரியை ஒழுங்குபடுத்திய முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. பிரித்தல்

எல்லாத் துணியையும் வெளியே எடுத்துப் போடுங்கள். குவில்டுக்கான பருத்தி தனி, மற்ற ரகங்கள் தனி. துவைத்தது எது, துவைக்காதது எது என்றும் பிரித்துவிடுங்கள். அடர் சிவப்பு, அடர் நீலத் துணிகளை அடுக்குவதற்கு முன்பே ஒருமுறை அலசிச் சாயம் போகிறதா என்று பார்ப்பது நல்லது. சின்னத் துண்டுகளை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், நூல் பிரிந்து சிக்கலாகிவிடும்.

2. மடித்தல்

44 அங்குல அகலத் துணியை ஓரக்கரையோடு ஓரக்கரை (நூல் பிரியாத நெய்த விளிம்பு) சேர்த்து மடித்து, இன்னொரு முறை மடித்தால் 11 அங்குலம் வரும். அதை 6 அங்குல அகல ரூலரின் மேல் சுற்றி, ரூலரை உருவிவிடுங்கள். எல்லா மடிப்பும் ஒரே அளவில் இருக்கும். புத்தகம் போல நிற்க வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பதை நீங்கள் எடுக்கவே மாட்டீர்கள்.

3. நிறம், அப்புறம் வெளிர்-அடர்

நிறவாரியாக வைத்த பிறகு, ஒவ்வொரு நிறத்திலும் வெளிர், நடுத்தரம், அடர் என்று வரிசைப்படுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு வேறாகத் தெரிந்த சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகத் தெரியலாம். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் டிசைன் எடுபடாது.

4. வெட்டுத் துண்டுகள்

பலரும் திணறுவது இங்கேதான். துண்டுகளை அப்படியே பையில் திணித்து வைத்தால் அவை பயன்படுவதே இல்லை. வெட்டி வைத்தால்தான் தைக்க மனம் வரும். எந்த அளவில் வெட்டுவது என்பதுதான் கேள்வி.

நான் சொல்வது மூன்றே அளவுகள்: 1½, 2½, 4½ அங்குலச் சதுரங்கள். இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஆகவே தைத்து முடித்ததும் இவை 1, 2, 4 அங்குலமாக நிற்கும். 1½ அங்குலச் சதுரம் நான்கைச் சேர்த்தால் ஒரு 2½. அதில் நான்கைச் சேர்த்தால் ஒரு 4½. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும்.

கடையில் வெட்டியே கிடைக்கும் 5 அங்குலச் சதுரம் இந்தக் கணக்கில் சேராது. இரண்டு 2½ அங்குலத் துண்டுகளை இணைத்தால் 5 வராது, 4½தான் வரும். 5 அங்குலத்தைத் தனிப் பெட்டியில் வையுங்கள், அல்லது ஓரம் நறுக்கி 4½ ஆக்கிவிடுங்கள்.

நீளமாக மிஞ்சியதைச் சதுரமாக்க வேண்டாம், 2½ அங்குலப் பட்டையாகவே வைத்துக்கொள்ளலாம். 1½ அங்குலத்துக்கும் குறுகலானதை ஊசி குத்தும் மெத்தைக்குள் அடைத்துவிடுங்கள். ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்ட பிளேடு), கட்டிங் மேட் (அதற்கு அடியில் விரிக்கும் பாய்) இரண்டும் இல்லாமல் கத்தரிக்கோலால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சதுரங்கள் ஒரு நூல் அளவு தப்பினாலும் தையல் முனைகள் சேராது. பிளேடு மழுங்கியதும் மாற்றிவிடுங்கள்.

5. பெட்டி

உள்ளே இருப்பது வெளியே தெரியும் பெட்டியாக வாங்குங்கள். துணி நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். வெயில் படும் இடம் கூடாது, மடிப்பு வரியில் சாயம் வெளுத்துவிடும். மரத்தட்டின் மேல் நேராக வைக்காமல் பழைய வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து வையுங்கள். மரத்தின் அமிலம் நாளடைவில் துணியைப் பழுப்பாக்கும். செய்தித்தாளும் அப்படித்தான்.

பின்சேர்க்கை: முக்கோணத் துண்டுகளை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றின் சாய்ந்த ஓரம் கை பட்டாலே இழுபட்டு உருமாறும். அதனால் எடுத்து வைக்காமல், அன்றைக்கே ஒரு வெளிரையும் ஒரு அடரையும் சேர்த்துத் தைத்து, 2½ அங்குலத்துக்கு நறுக்கி அந்தப் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள்.