ஏற்காட்டு வீட்டில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டைக் காப்பாற்றும் முறை

வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’, 1987-இல் தொடங்கிய ஞாயிறு காலை ‘ராமாயணம்’ எனத் தூர்தர்ஷனிலிருந்து ஆசையாகப் பதிவு செய்த வி.எச்.எஸ். கேசட்டுகள் ஏற்காட்டு வீட்டுப் பரணில் இருந்தால், அவற்றை எடுத்தவுடன் டெக்கில், அதாவது கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியில், போட்டுவிடாதீர்கள். மலையின் ஈரப்பதத்தில் நாடாவின் மேல் பூஞ்சை எளிதில் படியும். கேசட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியைப் போலத் தெரிவது பெரும்பாலும் அதுதான். அதை அப்படியே ஓட்டினால் பூஞ்சை டெக்கில் நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும் என்பதால், தனி உறையிலிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நல்ல கேசட்டுகளைச் சேலத்துக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்திருந்து, முதுகுப் பக்கத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் பட்டையை உடைத்துவிட்டால், தவறுதலாக மேலே வேறெதுவும் பதிவாகாது. பின்பு டெக்கை, படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றும் வீடியோ கேப்சர் கருவி வழியாகக் கணினியில் இணைத்து, இந்தியத் தொலைக்காட்சியின் பழைய ஒளிபரப்பு முறையான பால் (PAL) முறையில், நொடிக்கு 25 பிரேம் என அமைத்துப் பதியுங்கள்.

இடையில் வரும் விளம்பரங்களையும் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அறிவிப்பையும் தயவுசெய்து வெட்டாதீர்கள். தொடர்கள் வேறெங்காவது கிடைத்துவிடும், இவை கிடைப்பது அரிது. கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் சேமித்து, கேசட்டைச் சேலத்திலேயே உலர்ந்த அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.