தூத்துக்குடிக்கு ஒரு நாள்: துறைமுகம், முயல் தீவு, கால் வைக்கக் கூடாத தீவுகள்

"தீவுக்குப் படகு எங்கே ஏறணும்?" தூத்துக்குடிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அப்படி ஒரு படகு இல்லை. ஊரை ஒட்டி வடக்கே வரிசையாக இருப்பவை வான் தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, காரைச்சல்லி. இந்த நான்கும் 1986ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் அங்கே இறங்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் விலாங்குசல்லியில் இறங்க மண் கிடையாது, அது கடலுக்குள் போய்விட்டது.

போனதற்குக் காரணம் மனிதர்கள்தான். சுண்ணாம்புக்காகப் பல வருடம் பவளப்பாறையை உடைத்து அள்ளினார்கள். அலையைத் தடுத்து நின்றது அந்தப் பாறை. அது போனதும் அலை நேராக வந்து மணலை அரித்தது. வான் தீவும் அதே வழியில் தேய்ந்துகொண்டிருந்தது. அதனால் 2015 முதல் அதைச் சுற்றிக் கடலடியில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கிவைத்தார்கள். கரையில் யாராவது "வாங்க, வள்ளத்துல ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். மீன்பிடி வள்ளத்தில் ஆள் ஏற்ற அனுமதி இல்லை, மிதவைச் சட்டையும் இருக்காது. பிடிபட்டால் வள்ளக்காரருக்கும் வினை, உங்களுக்கும் வினை.

நெல்லை புதிய பேருந்து நிலையத்திலிருந்து தூத்துக்குடி 50 கிலோமீட்டர், நிற்காத வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரயில் மணியாச்சி சுற்றிப் போகும், அவசரமில்லாதவர்களுக்கு அது. ஏறும்போதே "பழைய பஸ் ஸ்டாண்ட் போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையும் பனிமய மாதா கோயிலும் அந்தப் பக்கம்தான். புதிய நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவுக்குத் தண்டம் அழ வேண்டியிருக்கும்.

தை முதல் பங்குனி வரை போவது நல்லது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், குழந்தைகளோடு கடற்கரையில் உட்கார முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். பனிமய மாதா திருவிழா ஜூலை 26ல் கொடியேறி ஆகஸ்ட் 5ல் முடியும். திருவிழா பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, ஊர் பார்க்க என்றால் அந்த வாரத்தைத் தள்ளிவையுங்கள்.

காலையில் மாதா கோயில், அங்கிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் பழைய துறைமுகம். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் ஓடிய காலத்தில் இங்கே கடல் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும், சரக்கைத் தோணிகள்தான் சுமந்துபோகும். புதிய துறைமுகம் 1974ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அலையை மறிக்கக் கல்லைக் கொட்டி, வடக்கும் தெற்குமாக ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு தடுப்புச் சுவர்கள் போட்டிருக்கிறார்கள். பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று போட்டோ எடுத்தால் பாதுகாப்புப் படையினர் போனை வாங்கிப் பார்ப்பார்கள். கொழும்புக்குக் கப்பல் உண்டா என்று இன்னமும் விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2011ல் விட்டார்கள், அந்த வருடமே நின்றுபோனது.

முயல் தீவு மட்டும் விதிவிலக்கு. துறைமுகத்தை ஒட்டிச் சாலையிலேயே போகலாம், படகு வேண்டாம். காணும் பொங்கலுக்கு ஊரே கட்டுச்சோற்றோடு அங்கே கிளம்பும். மற்ற நாளில் பொதுமக்களை விடுகிறார்களா என்று முதலில் விசாரித்துவிட்டு ஆட்டோ பேசுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் தொப்பி கட்டாயம். கரையில் பவளத் துண்டு கிடந்தால் கிடக்கட்டும். எடுத்து வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம், கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும் அதே சட்டம்தான். வரைபடத்தில் தேடும்போது மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முசல் தீவைக் காட்டினால் ஏமாறாதீர்கள், அது வேறு.

தீவில் கால் வைத்தே தீரணும் என்கிறவர்கள் பாம்பனுக்குப் போக வேண்டும். குந்துகால் துறையிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. காற்று அடித்தால் படகு நிற்கும், கிளம்பும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து போய்த் திரும்பவே ஒரு நாள் முழுதும் ஆகும், அதை இந்தப் பயணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

மீன் வாங்க நினைப்பவர்கள் நேரம் அறிந்து போக வேண்டும். விசைப்படகுகள் விடியுமுன் போய் இரவில்தான் திரும்பும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது விசைப்படகு கடலுக்குப் போகாது. பகலில் வள்ளத்து மீனுக்குத் திரேஸ்புரம் பக்கம் போங்கள். சீலாவோ விளமீனோ பாரையோ, எந்த மீனானாலும் செவுளைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் பழசு. கண் புடைத்துத் தெளிவாக இருக்கணும். சதையை விரலால் அமுக்கினால் குழி உடனே நிரம்பணும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் கணக்கு. தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஒரு அடுக்கு உடைத்த ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ். பெட்டிக்கு அடியில் ஒரு சின்னத் துளை வேண்டும். உருகிய தண்ணீரிலேயே மீன் ஊறினால் சதை தொளதொளத்துவிடும். அந்தத் தண்ணீர் பஸ்ஸில் வழியாமலிருக்கப் பெட்டியைப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் கண்டக்டர் ஏற்றமாட்டார்.

மக்ரூனைக் கடைசியாக வாங்குங்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான் அதில். கடற்காற்று பட்டால் பதத்துப்போகும், பையின் அடியில் போட்டால் பொடியாகும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு, மீன் பெட்டியை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.